நாலாம் பட்டி

ஆட்டு ரோமம் கத்தரிக்கையில் கழுத்து சுளுக்கிக்கொண்டது என்று விட்டுவிட்டேன். உள்ளே ரத்தக்குழாய் கிழிந்து, ரத்தக்கட்டி மூளைக்கு ஏறியிருந்தது. முப்பத்தோரு வயதில் பக்கவாதம். வலப்பக்கம் செத்துப்போனது, பேச்சில் ‘ஆமா’ மட்டும் மிஞ்சியது.

என்கூடக் கத்தரிக்கும் டாரல், டப்போ நகர ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்தான்.

“கொட்டகையில உன் எடம் காலியாத்தான்டா கெடக்கு. ஆனா தெனமும் சாப்பாட்டு மணியடிச்சு எண்ணிப் பாத்தா, கத்தரிச்ச ஆடுகள நீ விடற அந்த நாலாம் பட்டியில நாப்பது ஆடு நிக்குது. எல்லாத்துக்கும் எடப்பக்கம் மட்டும் கத்தரிச்சிருக்கு. நீதான் வந்து பண்றியா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“ஆமா.”

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “அப்ப மிச்சப் பக்கத்தையும் முடிச்சிரு மச்சி.”

மறுநாள் மதியம், நர்ஸ் வழக்கம்போல என் இடக்கையிலிருந்த ரோமப் பிசுக்கைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு, அசையாத வலக்கையைத் தூக்கிப் பார்த்தாள்; இன்று அதிலும் அதே பிசுக்கு. அதையும் கழுவினாள்.