ஏ.சி. நல்லாத்தான் இருக்கு

"ஃபில்டர் சுத்தமா இருக்கு சார்" என்றார் ஏணியின் மேல் நின்ற ஏ.சி. மெக்கானிக்.

கட்டிலோரம் கைகட்டி நின்ற கணவர், டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். புருவமே எல்லாவற்றையும் பேசிவிட்டது.

ஃபில்டர் சுத்தமாக இல்லாமல் எப்படி இருக்கும்? வாராவாரம் கழற்றிக் கழுவி மாட்டுகிறவள் டீச்சர்தானே.

இரண்டு மாதமாக இந்த வீட்டில் ஒரே பல்லவி. அறை குளிரவில்லை என்று டீச்சர் சொல்வாள். மகன் வந்து ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, ஜில்லென்றுதான் இருக்கிறது என்பான். கணவரோ படுத்தால் இடி விழுந்தாலும் எழாதவர். மருந்துக்கடை வைத்திருக்கிறார். கடை வாசலை மிதிக்கிறவர்களுக்கெல்லாம் நோய் கண்டுபிடித்துப் பழகிய வாய்.

"ஏ.சி. நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான் அம்பது தாண்டிருச்சு. இந்த வயசுல உடம்பு கொதிக்கத்தான் செய்யும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மருமகள் ரொம்பத் தங்கமான பெண். அதுதான் தாங்க முடியவில்லை. மாதவிடாய் நிற்கிற காலத்தில் மாமியாரிடம் எப்படி நடந்துகொள்வது என்று எதையோ படித்துவிட்டு, டீச்சரிடம் கைக்குழந்தையிடம் பேசுவதுபோலப் பேச ஆரம்பித்திருந்தாள்.

அதன்பிறகு எல்லாவற்றுக்கும் வயசு. சாவியை எங்காவது வைத்து மறந்தால் வயசு. கோபம் வந்தால் வயசு. கோபப்படாமல் சும்மா இருந்தால், பாவம், களைப்பு.

அதோடு போயிருந்தால் அவளும் போகட்டும் என்று விட்டிருப்பாள். ஆனால் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை பொறுப்பு அவளைத் தேடி வந்திருந்தது. நாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இந்த உடம்பை வைத்துக்கொண்டு அந்தத் தலைவலி எதற்கு என்று மூன்று பேரும் கூடிப் பேசி, அவளைக் கேட்காமலே முடிவும் எடுத்துவிட்டார்கள்.

இரைச்சல் போடும் வகுப்புகளை ஆயுசில் பாதி கட்டி மேய்த்தவள். சொந்த வீட்டில் அவள் பேச்சு சல்லிக்காசு பெறவில்லை. அதனால்தான் யாரையும் கேட்காமல் மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

மெக்கானிக் ரிமோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் வைத்திருந்தது. ஜன்னல் இடுக்கைத் தடவினார், திரைச்சீலையை இழுத்துப் பார்த்தார். வெயிலும் வரவில்லை, காற்றும் போகவில்லை.

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார் கணவர், யாரிடம் என்றில்லாமல்.

மருமகள் ஆறுதலாக அத்தையின் தோளில் கைவைத்தாள். ஒருவேளை இவர்கள் சொல்வதுதான் சரியோ என்று முதல்தடவையாக அவளுக்கே பயம் வந்தது.

மெக்கானிக் பால்கனிக்குப் போனார். ஊர்வலம் மாதிரி எல்லோரும் பின்னாலேயே போனார்கள். வெளியே இருந்த பெட்டியில் தூசி இல்லை, சுற்றிலும் அடைசல் இல்லை. குழாய் வந்து சேரும் மூட்டில் விரலை வைத்தார். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது.

"கொஞ்சம் சோப்புத் தண்ணி கொண்டாங்க."

டீச்சரே ஓடினாள்.

நுரையை மூட்டில் பூசினார். நாலு தலைகள் குனிந்தன. ஒன்றும் நடக்கவில்லை. கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆயத்தமானார்.

அப்போது நுரைக்கு நடுவில் ஒரு குமிழி எழுந்தது. மெதுவாகப் பருத்தது. உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று எழுந்தது.

பெற்ற பிள்ளை முதல் அடி எடுத்து வைத்தபோதுகூட டீச்சர் அவ்வளவு ஆசையாகப் பார்த்திருக்க மாட்டாள்.

"கேஸ் கசியுது. பாதிக்கு மேல போயிருக்கும். கொஞ்சங்கொஞ்சமாப் போனதால உங்களுக்குத் தெரியலை. இந்த ரூம்ல எப்படி சார் தூங்குனீங்க?"

கணவர் முகத்தில் ஈயாடவில்லை. மகன் அவசரமாகப் போனை எடுத்து, அதில் இல்லாத எதையோ தேடினான். மருமகளின் கை டீச்சரின் தோளிலிருந்து தானாக இறங்கியது.

மூட்டைச் சரிசெய்து, கேஸ் நிரப்பிவிட்டு மெக்கானிக் கிளம்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் அறைக்குள் குளிர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. மகன் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டான். கணவருக்குப் பல் கிட்டியது. ஆனால் குறைக்கச் சொல்ல அவருக்கு இன்று ஏது வாய்?

டீச்சர் கட்டிலின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இந்த வீட்டை விலைக்கு வாங்கியவள்போல இருந்தது அவளுக்கு.

"நாளைக்குப் பள்ளிக்கூடத்துல சரின்னு சொல்லப்போறேன்."

"அதுக்கென்ன, தாராளமா சொல்லு" என்றார் கணவர். மகன் தலையை ஆட்டினான்.

அந்த நேரம் பார்த்துத்தான் அது வந்தது.

வயிற்றுக்குள் யாரோ அடுப்பு பற்றவைத்ததுபோலக் கிளம்பி, மார்பில் ஏறி, கழுத்தைப் பிடித்து, காதுமடல்வரை கொதித்தது. முதுகில் வியர்வை கோடு போட்டு இறங்கியது. இரண்டு மாதமாகத் தினமும் வருகிற விருந்தாளி. ஏ.சி.யைச் சரிசெய்துவிட்டார்கள் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

கணவர் கவனிக்கவில்லை. மகனும் கவனிக்கவில்லை. மருமகள் மட்டும் உற்றுப் பார்த்தாள்.

"அத்தை, உங்க முகமெல்லாம்..."

"குளிருதும்மா" என்றாள் டீச்சர், ஒரு எழுத்தும் பிசகாமல். "அந்தக் கம்பளியை எடுத்துட்டு வா."

மருமகள் அத்தையின் சிவந்த காதுமடலை ஒரு தடவை பார்த்தாள். பிறகு போய்க் கம்பளியைக் கொண்டுவந்து, அத்தையின் கழுத்துவரை போர்த்திவிட்டாள்.

அதன் மடிப்புக்குள் நனைத்துப் பிழிந்த கைத்துண்டு ஒன்று இருந்தது.