நாலு மணி வெடி

வேப்பமர நிழலில் சௌடேஸ்வரி ராட்டையில் நூல் சுற்றுகிறாள். நிறைமாத வயிறு ராட்டையில் இடிக்காதபடி ஒருக்களித்து உட்கார்ந்திருக்கிறாள். எதிரே, பக்கத்து வீட்டு சுந்தராம்பாளின் வெள்ளாடு அசைபோடுகிறது. பிறந்து பத்தே நாளான குட்டி முட்டி முட்டிப் பால் குடிக்கிறது. பந்தல்குடிக்குப் போகும் நாலு மணி பஸ் புழுதிக்குள் மறைகிறது. ஆட்டின் தாடை நிற்கிறது. சௌடேஸ்வரியின் கையும் நிற்கிறது. கரிசலுக்கு அப்பால் கிணறு தோண்டியவர்கள், நாலு மாதம் தினமும் இந்நேரம்தான் பாறைக்கு வெடி வைத்தார்கள்.

“என்ன தாயி, கை நின்னுருச்சு?” என்கிறாள், ஆட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் சுந்தராம்பாள்.

“வெடிச்சிரட்டும்க்கா.”

“தண்ணி கண்டு, வெடிகாரவுக போயி ஒரு மாசமாச்சே.”

அது சௌடேஸ்வரிக்கும் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை. எங்கும் சத்தமில்லை, காய்ந்த சோளத்தட்டை மட்டும் காற்றில் உரசுகிறது. வெடி நின்ற பிறகு பிறந்த அந்தக் குட்டி மடியை விட்டு விலகுகிறது. நாலு காலையும் ஊன்றி, காதைக் கிணற்றுப் பக்கம் திருப்பி, விறைத்து நிற்கிறது. சௌடேஸ்வரி மெல்ல வயிற்றில் கை வைக்கிறாள். காலையிலிருந்து ஓயாமல் உதைத்த பிள்ளை இப்போது அசையவில்லை. அதுவும் காத்திருக்கிறது.