பதினேழாம் நம்பர் டோக்கன்

பலகையில் ஒரே ஒரு டோக்கன்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பதினேழு. ஆறுமுகநயினாருடையது.

சுரங்கத்துக்குள் போகிறவன் தன் தகர டோக்கனைப் பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வரும்போது கழற்றிக்கொள்ள வேண்டும். தொங்கினால் ஆள் உள்ளே. அதற்கு மேல் பேச்சில்லை.

பத்தரை மணிக்கு எல்லோரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது சுரங்கத்தின் மேல்பாறை இறங்கியது. ஓடிவந்து பார்த்தால், நாற்பதடிக்கு அப்பால் கல்லும் மண்ணுமாக அடைத்துக் கிடந்தது. மலையாளி சூப்பர்வைசர் விஜய்குமார் பலகையைப் பார்த்தான். ஹெல்மெட் மாட்டும் பதினேழாம் ஆணியும் காலி.

“ஆளுண்டு” என்றான்.

இரண்டரை மணி நேரமாகத் தோண்டுகிறார்கள். இடிபாட்டுக்குள் ஓர் இரும்புக் குழாயைச் செருகி, மோட்டார் வைத்து உள்ளே காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

குற்றாலலிங்கமும் தோண்டினான். ஆறுமுகநயினார் அவன் தங்கை உலகம்மையின் புருஷன். அதனால் எல்லோரும் அவனுக்கு இடம் விட்டார்கள், கேட்காமலே தண்ணீர் கொடுத்தார்கள். அவன் அழவில்லை. கை அதுபாட்டுக்கு மண்ணை வாரியது. முகத்தில் ஒன்றுமே இல்லை.

“எடோ லிங்கம், நீ மாறி நில்லு. சொந்தக்காரன் தோண்டண்டா” என்றான் விஜய்குமார்.

குற்றாலலிங்கம் காதில் விழாதது போல மண்வெட்டியை இறக்கினான்.

கழக்கூட்டத்தில் புறப்பட்ட பைபாஸ் அது. நிலத்தை எடுத்துவிட்டு, கல்லும் நட்டுவிட்டு, இருபது வருஷம் சும்மா கிடந்தது. கல்லைச் சுற்றி ஜனங்கள் மரச்சீனிக் கிழங்கு போட்டுத் தின்றார்கள். பிறகு ஒருநாள் லாரிகள் வந்தன. வயலை மேடாக்கி, தென்னந்தோப்பை வெட்டி, ஓடைக்குப் பாலம் போட்டு, தெற்கே ஊர்ந்து வந்து இந்தக் குன்றில் முட்டி நின்றது. சுற்றிப் போக வழியில்லை, இரண்டு பக்கமும் வீடுகள். துளைப்பது என்று முடிவானது.

மச்சானும் மாப்பிள்ளையும் ஏழு வருஷமாக அந்த ரோட்டோடு வந்தவர்கள். ரோடு நகர நகரக் கொட்டகையைப் பிரித்துக் கட்டினார்கள். “இந்தக் குன்னத் தொளைச்சிட்டா நேரா தென்காசிதான் மச்சான்” என்பான் ஆறுமுகநயினார். தென்காசி இருந்தது வேறு திசையில்.

மேலேயிருந்து ஒரு கல் விழுந்து, பக்கத்தில் சட்டி சுமந்தவனின் தோளைக் கிழித்தது. பாறை இன்னும் உதிர்ந்துகொண்டுதான் இருந்தது. அதன் அடியில் இருபது பேர். ஒருவனும் வெளியே போகவில்லை. தோள் கிழிந்தவன் துண்டால் கட்டிக்கொண்டு மறுபடி சட்டியை எடுத்தான்.

குற்றாலலிங்கம் மண்வெட்டியைக் கீழே போட்டான்.

“சார், உள்ள யாரும் இல்ல.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. ஆறுமுகநயினாருக்கு லீவு கிடைக்கவில்லை. ஒரு நாள் ஆஜர் தவறினாலும் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிடுவார்கள். அதனால் நேற்றே டோக்கனை மச்சான் கையில் கொடுத்துவிட்டு, விடியற்காலைப் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான். காலையில் குற்றாலலிங்கம் இரண்டு டோக்கன் மாட்டினான். சாயாவுக்குப் போகும்போது பலகையருகே விஜய்குமார் நின்றதால் தன்னுடையதை மட்டும்தான் கழற்ற முடிந்தது.

இதைச் சொல்ல ஏன் இரண்டரை மணி நேரம் என்று யாரும் கேட்கவில்லை. சொன்னால் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

“சத்தியமாட்டு?” என்றான் விஜய்குமார்.

“என் தங்கச்சி தாலி மேல சத்தியம்.”

“அப்போ ஹெல்மெட்டோ?”

“எவனாவது எடுத்துட்டுப் போயிருப்பான் சார். நம்ம ஹெல்மெட்டு என்னைக்கு ஆணியில கெடந்துருக்கு?”

அது உண்மைதான். தோள் கிழிந்தவன் முதலில் சிரித்தான். “கொடையில கெடாக்கறி தின்னுட்டுக் கெடக்கவனுக்கு நாம இங்க தோண்டிட்டு இருக்கோம்” என்றான். பிறகு காறித் துப்பினான்.

விஜய்குமார் அடிக்க ஓங்கிய கையை இறக்கிக்கொண்டான். பதினேழாம் டோக்கனைக் கழற்றி குற்றாலலிங்கத்தின் காலடியில் எறிந்தான். நாளை முதல் இரண்டு பேரும் வர வேண்டாம் என்றான். ஆட்களை வெளியேற்றி வாசலில் கயிறு கட்டினான். மோட்டாரை நிறுத்தச் சொன்னான். சத்தம் நின்றதும் காதில் பஞ்சு வைத்தாற்போல இருந்தது.

குற்றாலலிங்கம் ஜல்லிக் குவியலில் போய் உட்கார்ந்தான். வேலை போயிற்று. இருபது பேர் தப்பினார்கள். இரண்டில் எதற்கும் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. டோக்கனைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

தார் போடாத பைபாஸில் வெயிலுக்கு முக்காடு போட்டுக்கொண்டு உலகம்மை வந்தாள். தினமும் மத்தியானம் அவள்தான் சோறு கொண்டுவருவாள். இன்று ஒரு தூக்குவாளி போதும் என்று குற்றாலலிங்கம் காலையிலேயே சொல்லியிருந்தான். அவள் கையில் இரண்டு இருந்தன.

அவள் கயிறு கட்டிய வாசலைப் பார்த்தாள். சாயாக்கடைப் பக்கம் நின்ற ஆட்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அண்ணனிடம் வந்தாள்.

“அவிய எங்கண்ணே? பஸ்ஸ விட்டுட்டு, பத்து மணிக்கே வேலைக்குக் கெளம்பி வந்துட்டாவளே.”