புற்றில் எடுத்த ஒரு பிடி மண்

குன்றடியில் இருந்த புற்றில் ஒரு கறையான் தன் ராணித்தாயோடு இருந்தாள். ஈரமண் தேடி ஆழத்துக்கு இறங்கி, துணுக்குத் துணுக்காக வாயில் சுமந்து வருவாள். அதே புற்றில் குடியிருந்த சாரைப்பாம்பு அவளுக்கு அண்ணன் முறை.

ஒருநாள் இரண்டு மனிதர்கள் வந்தார்கள். ஒருவன் புற்றிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, லென்ஸில் பார்த்துச் சிரித்தான். "கறையான் ஆழத்துலேருந்து கொண்டாந்த மண்ணே காட்டிக்கொடுக்குது. பேட்டரிக்கு நாம தேடுற தாது இதுக்குக் கீழேதான் இருக்கு" என்றான்.

"அண்ணே, நான் கொண்டாந்த மண்ணு அவனுக்குப் பிடிச்சிருக்கு!" கறையானுக்குப் பெருமை தாங்கவில்லை.



மறுமாதம் பொக்லைன் வந்தது. முதல் வெட்டிலேயே புற்று பிளந்தது. "ஓடி வந்துடு தங்கச்சி!" என்று கத்திக்கொண்டே சாரை புதருக்குள் பாய்ந்தது. வயிறு பருத்து நகர முடியாத ராணித்தாயை விட்டுவிட்டு அவள் எப்படி ஓடுவாள்? இழுத்து இழுத்துப் பார்த்தாள். அடுத்த வெட்டில் தாய் மண்ணோடு மண்ணாக லாரியில் போய் விழுந்தாள்.

தனியாக மிஞ்சியவள் ஊர்ந்து ஊர்ந்து அடுத்த குன்றுக்குப் போனாள். அங்கேயும் ஒரு புற்று வளர்ந்துகொண்டிருந்தது.

"ஆழத்து மண்ணை மேலே கொண்டுவராதீங்க! உங்களையும் தோண்டிடுவாங்க!" என்று கதறினாள்.

"ஈரம் இல்லேன்னா பிள்ளைங்க காய்ஞ்சு செத்துடுமே, அக்கா" என்றாள் அங்கிருந்த ஒருத்தி.

ஈரமண் எடுக்க அவர்கள் வரிசையாகக் கீழே இறங்கினார்கள்.