கிழிக்காத டிக்கெட்

"நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டு, வக்கீல் உள்ளங்கையால் தியேட்டர் மேனேஜரின் மேஜையில் ஓங்கி அடித்தார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோள்களைக் குறுக்கிக்கொண்டாள். மேஜை விளிம்பில் ஆடிய தண்ணீர் டம்ளரை, கீழே விழுவதற்குள் அவர் மனைவியின் கை தானாகப் போய்ப் பிடித்துக்கொண்டது.

"பார்த்தீங்களா மேனேஜர்? ஒரு சின்ன சத்தம் தாங்கல. கதவு திறந்தா நடுங்கறா. தூக்கம் இல்ல, சோறு இறங்கல. பதினாறு வயசுப் பொண்ணை இந்தக் கதிக்கு ஆளாக்கினது உங்க தியேட்டர்ல ஓடற படம்தான்."

மேனேஜர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். கோடாலியும் கையுமாக ஒருவன் வீடு வீடாகப் புகுந்து வெட்டுகிற படம் அது. பதினெட்டு வயதுக்குக் கீழே யாரையும் உள்ளே விடக்கூடாது. விட்டது நிரூபணமானால் லைசென்ஸ் போய்விடும், தியேட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு அவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

புகார் கொண்டுவந்திருப்பவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. பெற்றோர் சங்கத் தலைவர். அடுத்த வீட்டுப் பிள்ளை சத்தமாகச் சிரித்தால்கூட, அது எந்தப் படம் பார்த்துக் கெட்டுப்போனது என்று சொல்லிவிடுவார்.

"சார், நீங்க அந்தப் படத்தைப் பார்த்தீங்களா?" என்று மேனேஜர் மெதுவாகக் கேட்டார்.

"சாக்கடைன்னு சொல்றதுக்கு அதுல இறங்கிக் குளிக்கணுமா? குழாயைத் திறந்து விட்ட மாதிரி ரத்தமாம். அதைப் பார்த்து இந்த வயசுப் பிள்ளைங்க விசில் அடிக்குதுங்களாம். எரியற வீட்டுல பிடுங்கினது லாபம்னு நீங்களும் கல்லாவைத் திறந்து வெச்சிருக்கீங்க."

"பொண்ணு இங்கதான் பார்த்துச்சுன்னு..."

"ஆதாரம் இல்லாம பேச நான் என்ன திண்ணைப் பேச்சுக்காரனா?" வக்கீல் சட்டைப்பையிலிருந்து ஒரு டிக்கெட்டை எடுத்து மேஜையில் வைத்தார். "போன வாரம் கேஸ் ஒண்ணு தோத்துப்போச்சு. தலைவலியோட சீக்கிரமே வீட்டுக்குப் போயிட்டேன். கொஞ்ச நேரத்துல இவ மூச்சு வாங்க ஓடி வர்றா. மூஞ்சியில ரத்தமே இல்ல. பையைப் பார்த்தா இது இருக்கு."

"போதுங்க, போகலாம்" என்றாள் மனைவி. குரல் அவளுக்கே கேட்டிருக்காது.

"நீ சும்மா இரு" என்றார் வக்கீல். அவள் சும்மா இருந்தாள். அதில் அவளுக்கு நல்ல பழக்கம் இருந்தது.

மேனேஜர் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். போன உயிர் திரும்பி வந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வக்கீல் சார், இது முழு டிக்கெட். கதவுகிட்ட எங்க ஆள் பாதியைக் கிழிச்சுக்கிட்டுத்தான் உள்ள விடுவார். அவர் கிழிக்காம ஈ, எறும்புகூட உள்ள போகாது. உங்க பொண்ணு அந்தப் படத்தைப் பார்க்கவே இல்ல."

வக்கீலுக்கு முகம் சிவந்தது. கோர்ட்டில் தோற்றபோதும் இப்படித்தான் சிவந்திருக்கும். "என்னடி இது?" என்று மகள் பக்கம் திரும்பினார்.

அவள் அம்மாவின் முழுக்கை ரவிக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பிழைத்துக்கொண்ட சந்தோஷம் மேனேஜருக்கு. நல்ல பெயரையும் கையோடு வாங்கிவிடலாம் என்று ஆசைப்பட்டார். "வயசைக் கேட்டு எங்க ஆள்தானே உன்னைத் திருப்பி அனுப்பினார்? அப்பாகிட்ட சொல்லும்மா."

"இல்ல சார். யாரும் அனுப்பல."

"அப்புறம்? காசு குடுத்து வாங்கிட்டு, வாசல் வரைக்கும் வந்துட்டு ஏன் போனே? பயமா இருந்துச்சா?"

ஆமாம் என்று அவள் தலையாட்டினாள். படம் பார்க்காமலே வந்த பயம் என்றால் தன் தியேட்டர் தப்பித்தது என்று மேனேஜர் சிரித்தேவிட்டார்.

"ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் உள்ள போயிட்டாங்க. நான் கடைசியா வரிசையில நின்னேன். அப்போ அப்பாவோட கார் வீட்டுப் பக்கம் திரும்பறதைப் பார்த்தேன்."

"அதனால?"

அவள் முதல் தடவையாக அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா வீட்டுல தனியா இருந்தாங்க."