கட் இல்லாத நாலு நிமிஷம்

"இது என்னம்மா, பாதுகாப்பு வீடியோவா, அவார்டு படமா? நாலு நிமிஷமா ஒருத்தன் முதுகையே காட்டிக்கிட்டு இருக்கே!"

சூர்யநாராயணன் லேப்டாப்பை ஹில்டா பக்கம் தள்ளினார். திருமுடிவாக்கத்தில் அவருடைய பிரஸ் கம்பெனி. மெஷின்கள் தகரத்தை அடித்து நசுக்கும் சத்தத்தையும் மீறி அவர் குரல் கேட்டது.

நாளைக் காலை தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வருகிறார். நான்கு மாதம் முன்பு சின்னப்பன் என்ற ஆபரேட்டருக்கு வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. கை உள்ளே போனால் மெஷினைத் தானாக நிறுத்தும் சென்சார் இங்கே உண்டு, தப்பெல்லாம் அவன் மேல்தான் என்று காட்டுவதற்கே இந்த வீடியோ.

"ஒரு படத்துல பார்த்த ஸ்டைல் சார்," என்றாள் ஹில்டா. தாம்பரம் ஸ்டுடியோ ஒன்றிலிருந்து படம் எடுக்க வந்தவள். "கேட்டிலேர்ந்து கடைசி வரைக்கும் கேமரா ஒரு தொழிலாளி பின்னாலயே போகும். ஒரு கட் கூட கிடையாது. வெட்டாத ஷாட்டைத்தான் ஜனங்க நம்புவாங்க. ஒன்பது தடவை பார்த்துக் கத்துக்கிட்டேன்."

"ஒன்பது தடவையா!"

"அப்பாவும் கூட உட்கார்ந்து பார்ப்பார் சார். நான் சொல்ற இடத்துல எல்லாம் நிறுத்தி நிறுத்திப் போடுவார்."

"உங்கப்பாவுக்கு வேற வேலையே இல்லையா?"

"இப்ப இல்ல சார்."

சூர்யநாராயணனுக்கு மூக்கு விடைத்தது. விரலை இழந்தவனுக்குக்கூட அவ்வளவு கோபம் வந்திருக்காது.

"நீ கத்துக்கிட்ட லட்சணத்தைப் பாரு! இவன் கைக்குப் பதிலா ஒரு குச்சியை உள்ள விடுறான், மெஷின் நிக்கல. குச்சி தூள் தூளாப் போகுது. 'டேய், ஷூட்டிங் நடக்குது, சென்சார் ஒயரைச் சொருகுடா'ன்னு நான் கத்துறேன். அவன் பின்னால போய்ச் சொருகுறான். அப்புறம்தான் மெஷின் நிக்குது. இதையெல்லாமா எடுப்பாங்க?"

"ஒயர் தினமும் சொருகியே இருந்தா என்ன சார்?"

"மெஷின் நின்னு நின்னு ஓடும். ஒரு நாளைக்கு ஆயிரம் பீஸ் குறையும். உனக்கு எதுக்கு அதெல்லாம்? அந்தச் சின்னப்பன் கண்ணைத் தொறந்து வேலை பார்த்திருந்தா எனக்கு ஏன் இந்தத் தலைவலி? நடுவுல இருக்கிறதைத் தூக்கு. குச்சியை விடுறான், மெஷின் நிக்குது. முப்பது செகண்ட் போதும்."

ஒரு மனுஷனின் விரல்களைப் பற்றிப் பேசுகிறோம் என்ற நினைப்பே அவர் முகத்தில் இல்லை. ஹில்டா அங்கேயே உட்கார்ந்து வெட்டினாள். பென் டிரைவில் போட்டு மேஜை மேல் வைத்தாள்.

"ம்... இப்பத்தான் வீடியோ மாதிரி இருக்கு. அந்த நாலு நிமிஷத்தை என் கண் முன்னாலயே அழிச்சிடு."

அழித்தாள்.

"வேற காப்பி எதுவும் இல்லையே?"

"ஒண்ணு இருக்கு சார். நேத்தே இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போயாச்சு."

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "யாரைக் கேட்டுக் கொடுத்தே?"

"நான் கொடுக்கல சார்." ஹில்டா கேமரா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நீங்க வெட்டச் சொல்லுவீங்கன்னு எங்கப்பாவுக்கு முன்னாடியே தெரியும். அவரே நேர்ல போய், இடது கையால கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு வந்தார். பேர் சின்னப்பன்."