ஒரு மணி நேரத் தூரம்

“சேலத்துல பிளேன் ஏறினா ஒரு மணி நேரத்துல கொச்சி. மதியம் மீட்டிங், நாளைக்குத் திரும்பிடுவேன்.” சோபனா அட்டைப்பெட்டியை மேசைமேல் வைத்தாள். “இதுல ஷூ சாம்பிள் இருக்கு. தொடாதீங்க.”

“ரயில்ல போனா ஏழு மணி நேரம். மகாராணிக்கு பிளேன் கேக்குதா?” என்று சீறினான் செல்வகுமார். ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை அவனுக்கு. வண்டி நேரத்தையெல்லாம் தலைகீழாக ஒப்பிப்பான். பெண்டாட்டி வேலையைப் பற்றி ஒரு நாளாவது கேட்டிருப்பானா என்றால், கிடையாது.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் மாடாய் உழைத்தவளை இப்போதுதான் ஷூ வாங்கும் வெளிநாட்டு பையரைப் பார்க்க அனுப்புகிறார்கள். ஆர்டர் கிடைத்தால் மேனேஜர். ஆனால் அவள் வெளியூர் கிளம்பினாலே வீட்டில் ஏதாவது நடக்கும். போன தடவை ஸ்கூட்டர் சாவி காணாமல் போனது, அதற்கு முந்தின தடவை போன் தண்ணீர் வாளியில் விழுந்தது.

“மேனேஜரம்மா ஆயிட்டா என்னை மதிப்பியா நீ?”

“இப்ப நீங்க என்னை மதிக்கிறீங்களா?” சோபனா குளியலறைக் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள்.

செல்வகுமார் பெட்டியைத் திறந்தான். உள்ளே பளபளவென்று இரண்டு கறுப்பு ஷூ. அலமாரியில் அவள் கொண்டுவந்து போட்ட பழைய சாம்பிள்கள் எல்லாமே ஒத்தைக் கால்தான். ஜோடி குடுக்க வக்கில்லாத கம்பெனி என்று அவன் நக்கலடிப்பான். இந்தத் தடவை ஜோடியாகவே இருந்தது. பெரிய ஆர்டர்தான் போல என்று அவனுக்கு வயிறு எரிந்தது.

ஒரு ஷூவை எடுத்து கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒளித்தான். கனத்துக்கு ஒரு பழைய துண்டைத் திணித்து மூடினான். கொச்சியில் இறங்கித்தான் பார்ப்பாள். அவள் போன வேகத்தில் விட்டுப்போன ஷூ போய்ச் சேருமா? அவமானப்பட்டு வரட்டும்!

கம்பெனி கார் வந்தபோது வாசல்வரை வந்து, “பத்திரமா போய்ட்டு வா,” என்று கையசைத்து வேறு வைத்தான் மகராசன்.

மதியத்துக்கு மேல் போன் அடித்தது. அழுகைக் குரலை எதிர்பார்த்து ஆசையாய் எடுத்தான்.

“பெட்டியில ஒரு ஷூவக் காணோம்,” என்றாள்.

“அடடா! ஃபேக்டரியிலயே வுட்டுட்டியா இன்னா? இப்ப நான் வண்டியப் புடிச்சாலும் ராத்திரி ஆயிடுமே!”

“நீ ஒண்ணும் வர வேணாம். ஆர்டர் ஓகே ஆயிடுச்சி.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை ‘நீ’ என்றதில்லை. செல்வகுமார் கேஸ் சிலிண்டர் பக்கம் திரும்பிப் பார்த்தான். “ஒத்த ஷூவ வெச்சிகிட்டா?”

“பையருக்குக் காட்டுற சாம்பிள் எப்பவும் ஒத்தக் கால்தான். ஜோடியா குடுத்தா எவனாவது மாட்டிகிட்டுப் போய்டுவான்னு. நெஜ சாம்பிள் என் ஹேண்ட்பேக்ல பத்திரமா இருந்துச்சி. பெட்டியில ஜோடி வெச்சது உனக்காக.”

“எனக்கா? எதுக்குடி?”

“ரிட்டர்ன் டிக்கெட் போடலாமா, வேணாமான்னு பாக்கத்தான்.”